தெரு எல்லையில் நிற்கும் தண்டோரா

நம் இல்லத்திற்கு வரும் விருந்தினர் தம் கைப்பேசியை வை-ஃபையில் இணைக்கும்பொழுது அக்கருவிக்குத் தனக்கென முகவரி கிடையாது. அதனை வழங்குவது எது என்பதும் தெரியாது. ஆகவே, ஊருக்குப் புதியவன் நடுத்தெருவில் நின்று வினவுவது போல், "எனக்கு முகவரி தருவார் உளரோ?" என்று யாவருக்கும் கேட்கக் கூவுகிறது. இத்தகைய தண்டோராவையே பிராட்காஸ்ட் பாக்கெட் என்கிறோம்.

ஈதர்நெட் முறையில், பெறுநர் முகவரியின் 48 இரும இலக்கங்களும் ஒன்றாகவே இருப்பின் அது 'யாவருக்கும்' என்று பொருள்படும். சுவிட்ச் அதனை, வந்த வாயில் நீங்கலாக மற்றெல்லா வாயில்களிலும் படியெடுத்து அனுப்பும். ஒவ்வொரு கணினியும் தன் அலுவலைச் சற்றே நிறுத்திச் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

ரௌட்டரோ இக்கூவலைத் தெரு எல்லையிலேயே தடுத்துவிடும். இன்றேல் உலகத்துக் கூச்சலெல்லாம் நம் வீட்டில் வந்து விழுமன்றோ! ஆனால் பெரிய அலுவலகங்களில் முகவரி வழங்கும் கணினி வேறு தெருவில் இருக்கும். அங்கே ரௌட்டர் தூதுவனாகிறது: கூவலைக் கேட்டு, தன் முகவரியையும் அதில் பொறித்து, அக்கணினிக்கு மட்டும் தனி மடலாக அனுப்புகிறது. கேட்டவர் எத்தெருவினர் என்பதை அப்பொறிப்பே காட்டிக்கொடுக்கும். எளிய ஏற்பாடுதான், ஆயினும் நமக்கு மிகவும் பிடித்தது.

இனி, இடர். இணையப் பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ரௌட்டர்தோறும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் அது மடியும். ஈதர்நெட் சட்டகத்துக்கு அவ்வாறு ஏதுமில்லை. சுவிட்சுகளிடையே வளையம் ஏற்பட்டால் ஒரே கூவல் ஓயாது சுழன்று, படிமேல் படியாகப் பெருகி, வழி முழுவதையும் அடைத்துவிடும். இதற்கு 1985இல் மருந்து கண்டவர் ராடியா பெர்ல்மன் அம்மையார். சுவிட்சுகள் தமக்குள் கலந்து பேசி, மிகையான இணைப்புகளை மூடி, வளையமற்ற மரமாக அமையும் முறை அது. அதனை அவர் கவிதையாகவும் எழுதி வைத்தார்!

அம்மருந்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் வலையமைப்பு அளவு கடந்து வளர்ந்திருந்தது. 2002 நவம்பரில் அம்முறை நிலைகுலைந்தது. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தையும் ஓடி ஏவல் புரிவோரையுமே நம்பியிருந்தனர்.

நாம் கடையில் வாங்கும் மலிவான சுவிட்சுகள் பலவற்றில் இம்முறையே இல்லை. விளக்குகள் யாவும் ஒருசேர வெறிகொண்டு மின்னி, ஊரிலுள்ள பாட்டியாருடன் பேசும் பேச்சு அறுந்து போனால், இரு முனைகளும் ஒரே பெட்டியில் செருகப்பட்ட கம்பி உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள்.