ஞாயிற்றின் ஒளியில் எழுந்த உருவங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே எடுக்கப்பெற்ற நிழற்படங்களைக் காணும் மாணவர் இரண்டு முடிவுகளுக்கு எளிதில் வருவர். அக்காலத்தவர் நகைத்தறியாதவர் என்பது ஒன்று. நம் முன்னோர் யாவரும் இன்றுள்ளாரினும் மிகக் கரியர் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. படத்திலே தோன்றும் இறுக்கமும் கருமையும் பெரும்பாலும் மனிதருக்கு உரியனவல்ல. படம் எடுத்த முறைக்கு உரியன. அம்முறையினை அறியாது அப்படங்களைச் சான்றாகக் கொள்வோர், கோலின் நீளம் அறியாது வயலை அளப்போரை ஒப்பர்.

1851ஆம் ஆண்டிலே பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகெங்கும் வழங்கியது. வெடிபஞ்சினை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்தெடுத்த கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடித் தட்டின்மீது வார்த்துப் பரப்புவர். அது முற்றும் உலருமுன் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்துவர். அவ்வீரம் காயுமுன்னரே படத்தை எடுத்து, இருளறையிலே உருவத்தை வெளிப்படுத்திவிடல் வேண்டும். குளிர்நாட்டில் இதற்குக் கிடைத்த அவகாசம் பத்து நிமிடம் வரையில். நம் நாட்டு வெயிலில் அதனினும் குறைவு. ஈதர் பரனைற்று 94 பாகையளவிலே கொதிக்கும் திரவம் என்பதை நினைவிற் கொண்டால், பங்குனி வெயிலிலே இத்தொழிலைச் செய்தவர் பட்ட பாடு விளங்கும். நீரும் ஒரு தொல்லையே. உப்புக் கலந்த நீர் பட்டால் வெள்ளி வெண்படிவாகத் திரிந்துவிடும். எனவே நமது வாவிக்கரைக் கிணற்று உவர்நீர் இத்தொழிலுக்கு ஆகாது. மழைநீரோ வடித்த நீரோ வேண்டும்.

நிறத்தின் செய்தி இதனினும் முக்கியமானது. ஈரத்தட்டு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருளே. ஆகவே நீலவானம் வெறும் வெண்மையாயிற்று, நீலச் சேலை வெளிறியது, குங்குமப் பொட்டு கரும்புள்ளியாயிற்று, காவியுடை கறுத்தது. மஞ்சளும் செம்மையும் விரவிய நம்மவர் மேனியும் கண்ணுக்குத் தோன்றுவதினும் பலபடி இருண்டு பதிந்தது. 1873இல் ஜெர்மானிய அறிஞர் வோகெல் சாயமூட்டித் தட்டின் உணர்வை விரிக்கலாமெனக் கண்டார். ஆயினும் எல்லா நிறங்களையும் உணரும் தட்டு கடைக்கு வந்தது 1906இலே தான். அதற்கு முற்பட்ட ஒரு படத்தைக் காட்டி நம் முன்னோரின் நிறம் பேசுவது பயனற்ற வேலை.

இனி, இறுக்கத்துக்கு வருவோம். மின்னொளி பரவாத காலத்தில் ஞாயிறே விளக்கு. மேனாட்டார் கண்ணாடிக் கூரை வேய்ந்த அறைகளை அமைத்தனர். வெப்ப நாட்டிலே அத்தகைய அறை அடுப்பாகும். முற்றமும் விறாந்தையுமே தக்க இடங்கள். அங்கும் உச்சி வெயில் ஆகாது. கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் விழுந்து முகம் மண்டையோடு போலாகும். ஆதலால் காலை வேளையில், சுவரின் நிழலிலோ வெள்ளைத்துணிப் பந்தரின் கீழோ ஆளை இருத்தினர். நிழலிலே ஒளி குறையவே, சில விநாடிகள் அசையாதிருத்தல் அவசியமாயிற்று. நகையைச் சில விநாடிகள் நிறுத்திவைத்தல் எவர்க்கும் அரிது! தலை அசையாதிருக்கப் பின்னே இரும்புத் தாங்கியும் வைப்பர். நிற்பவரின் காலடிக்குப் பின்னால் அதன் பாதம் எட்டிப் பார்ப்பதைப் பல படங்களிற் காணலாம். பளிங்குத் தூண்கள் தீட்டிய திரையின் கீழே மணலும் புல்லும் தெரிவதும் முற்றத்துப் படத்தின் அடையாளமாகும்.

இக்கலையிலே பெரும்புகழ் பெற்ற ஒருவர் நம் தீவிலே வாழ்ந்து மறைந்தார் என்பதைப் பலர் அறியார். வரலாற்று மாணவர் கோல்புறூக் – கமறன் ஆணைக்குழுவைப் படிப்பர். அக்கமறனின் மனைவியே ஜூலியா மார்கரட் கமறன். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், தமது 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கமெராவைக் கொண்டு தொழில் பயின்று, டெனிசன், டார்வின் முதலியோரைப் படம் எடுத்தார். 1875இலே கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 சனவரி 26இல் டிக்கோயாவிலே காலமானார். அவர் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் உள்ளது.

1877இல் மரியான் நோர்த் என்னும் ஓவியப் பெண்மணி களுத்துறைக்கு வந்தபோது நிகழ்ந்ததை அவரே எழுதி வைத்துள்ளார். கமறன் அம்மையார் விருந்தினருக்குக் கம்பளி ஆடை போர்த்தி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலைகளுக்கிடையே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி பணித்தாராம். அப்போது வெப்பம் 96 பாகை. ஈதர் கொதிக்கும் நிலைக்கும் மேல்! பன்னிரண்டு தட்டுகள் வீணாயின என்று நோர்த் அம்மையார் நகைச்சுவையோடு முடிக்கிறார். எனினும் களுத்துறையிலே எடுத்த சில படங்கள் இன்றும் பேணப்படுகின்றன.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பதே. அவற்றுள் 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலே களுத்துறைக் குடியானவர் மூவர் நிற்கின்றனர். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தையென்றும் நூறு வயதினர் என்றும் கூறுகிறார் என்றும் குறிப்பு உண்டு. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் இல்லை! இங்கிலாந்திலே டார்வினுக்குப் பெயரிட்டவர், வீட்டுப் பணிப்பெண்ணைப் படம் எடுத்தபோதும் அவள் பெயர் இன்றளவும் அறியப்படுகிறது. இங்கு மாத்திரம் மனிதர் ‘குடியானவர்’ ஆயினர். கொழும்பில் ஸ்கீன் நிறுவனத்தாரும் கண்டியில் ஸ்கோவனும் பயணிகளுக்கு விற்ற படங்களிலும் ‘தமிழ்ப் பெண்’, ‘கூலி’ என்ற தலைப்புகளே மிகுதி. கலையின் நயத்தை நான் குறைத்துரைக்கவில்லை; ஆனால் பெயரற்ற முகம் ஆளாகாது, மாதிரியாகவே நிற்கும்.

இதற்கு நேர்மாறான படமொன்று நம்மவர் இல்லங்களிலே உள்ளது. ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர் அமர்ந்த கோலத்திலுள்ள படம் கூடத்திற் பிறந்ததன்று. தட்சிணேசுவரத்திலே இராதாகாந்தர் கோயில் விறாந்தையில், காலை ஒளியில், 1883ஆம் ஆண்டினை ஒட்டி எடுக்கப்பெற்றது. எடுத்தவர் அவிநாச சந்திர தாம் என்னும் இளைஞர். ஏற்பாடு செய்தவர் சீடர் பவநாதர். பரமஹம்சர் முதலில் இசையாது எழுந்து சென்றனர் என்றும், சமாதி நிலையிலே அமர்ந்தபோது படம் எடுக்கப்பட்டதென்றும் அடியார் வழக்குக் கூறும். கண்ணாடித் தட்டு கைநழுவி மேற்புறம் உடையவே, அதனை அரைவட்டமாக அறுத்தனராம். பழைய படிகளில் தலைக்கு மேல் வளைவு காணப்படுவது அதனாலே. இதற்கு முன்பு 1881இல் கல்கத்தாவில் ஒரு படக்கூடத்துக்குச் சென்றபோது, வெறுங் கண்ணாடியில் உருவம் நில்லாது, வெள்ளி மருந்து பூசிய கண்ணாடியிலேயே நிற்கும் என்பதைக் கண்டு, பக்தி பூசிய உள்ளத்துக்கு அதனை உவமையாக்கினார். இரசாயனத்தை இத்துணை எளிதாக விளக்கிய ஆசிரியர் எம்மில் எத்தனை பேர்?

மட்டக்களப்பிலே 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும், பின்வந்த போரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் வீடுகளோடு படங்களையும் கொண்டுபோயின. ஏதேனும் வீட்டிலே பழைய படம் எஞ்சியிருப்பின், மெல்லிய தாள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, பழுப்பேறி, முட்டைக்கருவின் பளபளப்பும் நுண்ணிய வெடிப்பும் உடையதாயின் அது பெரும்பாலும் 1900க்கு முற்பட்டது. அதனை நீரால் துடைத்தலாகாது; வெயில் படும் சுவரில் மாட்டுதலும் ஆகாது. வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டு, படத்திலிருப்பவரின் பெயரையும் ஊரையும் அட்டையின் பின்புறத்தே மெல்லிய பென்சிலால் எழுதுக. மை காலப்போக்கில் முன்புறத்துக்கு ஊறிவிடும்.