கடலோரத்தில் மனை வாங்கும் முன்பு

"புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கிறதா?" என்று கேட்கும் வெளியூர் ஏஜெண்டுகளை இன்றும் பார்க்கிறோம். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கரை நமது மாவட்டத்துக்கு உண்டு. நகரம் என்று சொல்லத்தக்கது இவற்றில் எதுவுமில்லை. நகராட்சி, ரயிலடி என்றால் அறந்தாங்கிக்குத்தான் வரவேண்டும். ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின், "முன்னால் கடை, பின்னால் வீடு" என்ற எண்ணத்தோடு அங்கே இடம் பார்க்கும் நமது உறுப்பினர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

வாழ்வதற்கு நல்ல கரைதான். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பேரலை கிடையாது. 2004 சுனாமியில் இலங்கைத் தீவு மறைத்து நின்றதால், நாகப்பட்டினம் பட்ட பாட்டை நமது கரை படவில்லை. ஆனால் புயலுக்கு அந்த மறைப்பு உதவாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையேறிய கஜா, தென்னைகளையும் ஓட்டுக்கூரைகளையும் என்ன செய்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் விற்றவர்கள் நாமேதான்.

இனி பத்திர விஷயம். நமது மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. பழைய சமஸ்தானப் பகுதி திருச்சி மாவட்டத்திலிருந்தும், அறந்தாங்கியும் கடற்கரையும் தஞ்சை மாவட்டத்திலிருந்தும் வந்தவை. ஆகவே டவுனில் இடம் வாங்கிய பழக்கத்தை வைத்துக்கொண்டு கரைப் பகுதியின் பழைய ஆவணங்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். அங்கே கோயில் நிலம், வக்பு நிலம், புறம்போக்கு, தனியார் பட்டா எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். விற்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய தாத்தா அனுபவித்து வந்த இடமாகவும் இருக்கலாம். அனுபவம் வேறு, உரிமை வேறு. தாய்ப்பத்திரம், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் பவர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற இரண்டையும் கேளுங்கள்.

அங்கீகாரமில்லாத மனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பின் பிரித்தவற்றுக்கு அந்த வழி கிடையாது. "பிறகு அப்ரூவல் வாங்கித் தருகிறோம்" என்று சொல்பவரிடம், வாங்கிய பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

அலையைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்போர் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை அறிந்திருக்க வேண்டும். 1991 பிப்ரவரியில் முதலில் வந்தது; 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிடப்பட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டடம் கூடாத பகுதி. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழிசெய்தது. நீங்கள் பார்க்கும் ஊர் எந்த வகை என்பதை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், புரோக்கர் வாயில் அல்ல. உப்பு நீர் ஏறி இறங்கும் ஓடைக்கரைக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதிவுச் செலவு: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2023-ல் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வீட்டம்மா பெயரில் வாங்க இதுவும் ஒரு காரணம்.

கட்டும்போது சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. கிணற்றுத் தண்ணீர் உப்பென்றால் கான்கிரீட்டுக்கு ஆகாது. கம்பிக் கட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 45 மில்லிமீட்டராவது வேண்டும். ஒரு இஞ்ச் போதும் என்று மேஸ்திரி சொல்வார். பத்து வருடத்தில் கூரை உதிரும்போது அவர் இருக்கமாட்டார். கடை ஷட்டருக்கும் இதே கதி. உப்புக் காற்றில் வெல்லம் கசியும், சீனி கட்டி தட்டும். குடோன் தரையில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் மூட்டை அடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது கைமுதல் விஷயம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு இது 45 நாளாக இருந்தது. அந்த இரண்டு மாதமும் மீனவர் வீடுகள் மளிகைக் கடையின் பற்றுநோட்டில்தான் ஓடுகின்றன. படகு ஓடும் காலத்திலும் இலங்கைக் கடற்படை பத்துப் பேரைப் பிடித்துப் போனால், அன்றே அந்தத் தெருவின் வசூல் நின்றுவிடும். ரொட்டேஷன் பணத்தை மனையில் முடக்கிவிட்டு, மே மாதம் மொத்தக் கடைக்காரர் செக்கை எப்படி எதிர்கொள்வது? ஆகவே சரக்குக்கான முதலைத் தொடாமல், தனியே சேர்த்த பணத்தில் மட்டுமே இடம் வாங்குவது உசிதம் என்பது நமது கருத்து.

கூடுமானால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாதவர்கள் கார்த்திகை மாதத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் போய் மனையைப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்பதை அடுத்த வீட்டு அம்மாவிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.