காட் ரோட்டில் செக் இன்ஜின் லைட்: ஆக்சிஜன் சென்சார்தான் குற்றவாளியா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வத்தலகுண்டு தாண்டி கொடைக்கானலுக்கு ஏறும்போது செக் இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேனர் மாட்டினா ஆக்சிஜன் சென்சார் கோடு. உடனே சென்சாரை மாத்திடலாமா?

அவசரப்படாதீங்க. எரர் லாக்ல ஒரு ஃபைல் பேர் வந்தா, பக் அங்கதான்னு அர்த்தம் இல்லையே. இதுவும் அப்படித்தான்.

இந்த சென்சார் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி உட்கார்ந்து, புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்க்குது. 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று, அதுதான் சரியான கலவை. பல பெட்ரோல் கார்கள்ல இருக்கிற சிர்கோனியா சென்சார், பெட்ரோல் கூடினா 0.9 வோல்ட் பக்கம் போகும். காற்று கூடினா 0.1 பக்கம் இறங்கும். இன்ஜின் சூடானதும் ரெண்டுக்கும் நடுவே ஓயாம ஏறி இறங்கினா, அது ஆரோக்கியமான சென்சார்.

அப்போ மலை உயரம் காரணமா? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்புரேட்டர் வண்டிகள்ல இதனால பெட்ரோல் விகிதம் கூடி கரும்புகை வரும். இப்போதைய கார்கள்ல இசியு காற்றை அளந்து பெட்ரோலைக் குறைச்சுடும். அதனால உயரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

சோதிக்க நல்ல இடம் இறக்கம்தான். ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, பக்கத்து சீட்டுக்காரர் லைவ் டேட்டா பார்க்கட்டும். கியர்லயே இறங்குங்க, நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் இசியு பெட்ரோலை நிறுத்தும், வோல்டேஜ் 0.1-க்குக் கீழே விழணும். திரும்ப மிதிச்சா சட்டுனு ஏறணும்.

ரெண்டும் நடந்தா சென்சார் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. பி 0171 மாதிரி 'லீன்' கோடு வந்திருந்தா, சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் கசிவு, இன்டேக் பக்கம் கிழிஞ்ச ஹோஸ் இருக்கான்னு பாருங்க. 0.45 பக்கத்துலயே அசையாம நின்னா வயர், கனெக்டர், அப்புறம்தான் சென்சார். பி 0135 வந்தா அது ஹீட்டர் சர்க்யூட், முதல்ல ஃபியூஸ்.

தள்ளிப்போடவும் வேணாம். தப்பான கலவையில ரொம்ப நாள் ஓடினா கன்வெர்ட்டர் கெடும். அதோட விலை சென்சாரைவிடப் பல மடங்கு. லைட் விட்டுவிட்டு மின்னினா அது மிஸ்ஃபயர், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திடுங்க.

மெக்கானிக்கிட்ட "சென்சாரை மாத்துங்கண்ணா"ன்னு ஆரம்பிக்காம, "லைவ் டேட்டா பார்த்தீங்களாண்ணா?"ன்னு கேளுங்க.