மேற்கு அமெரிக்காவில் குடியேற நிலம் தெரிந்தெடுத்தல்

நகரத்தில் உத்தியோகம் பார்த்தோ வியாபாரம் செய்தோ சிறிது பொருள் சேர்த்தவர்கள், பிற்காலத்தில் நாட்டுப்புறம் சென்று, சில ஏக்கர் பூமியும் ஒரு வீடும் நாலைந்து கால்நடைகளும் வைத்துக்கொண்டு அமைதியாக வாழ விரும்புவது எத்தேசத்திலும் காணப்படும் இயல்பேயாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்விருப்பம் கொண்டோரில் பலர் அந்நாட்டின் மேற்குப் பாகத்திலுள்ள மாகாணங்களை நாடுகின்றனர். அங்கே பூமி விசாலமானது. ஜன நெருக்கம் குறைவு. மலைகளும் காடுகளும் கண்ணுக்கு இனியவை. ஆயினும் அவ்வாறு சென்றவர்கள் எல்லோரும் நிலைத்துவிடுவதில்லை. சேர்த்த முதலையெல்லாம் ஒரு வறண்ட மேட்டில் போட்டுவிட்டுப் பின்னர் நீருக்குத் தவித்தோர் உண்டு. இதற்குக் காரணம் யாதெனில், நிலத்தின் தோற்றத்தையும் விலையையும் பார்த்தவர்கள் அதன் நீரையும் பாத்தியதையையும் பாராததேயாகும். அம்மாகாணங்களில் ஓர் இடத்தைத் தெரிந்தெடுப்பதற்கு முன் ஆராயவேண்டுவன எவை என்பதை ஈண்டு வரிசையாகக் கூறுவோம். புதிதாக நிலம் வாங்க எண்ணும் எவர்க்கும் இம்முறை பயன்படும்.

1. மழையின் அளவு

அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகையை அந்நாட்டு விவசாயத்தின் எல்லைக்கோடு என்று சொல்வது வழக்கம். அக்கோட்டுக்குக் கிழக்கே பொதுவாக வருஷத்துக்கு 20 அங்குலத்திற்கு மேல் மழை பெய்யும். மேற்கே, பசிபிக் கரையோரமும் உயர்ந்த மலைகளும் நீங்கலாக, பெரும்பாலும் அதற்குக் குறைவு. ஜான் வெஸ்லி பவல் என்னும் நில ஆராய்ச்சியாளர் 1878-இல் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். பாசன வசதியுள்ள இடத்தில் ஒரு குடும்பத்திற்கு 80 ஏக்கர் போதும் என்றும், மேய்ச்சலை நம்பிய இடத்தில் 2,560 ஏக்கர் வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார்.

அரசாங்கமோ இக்கணக்கை ஏற்கவில்லை. 1862-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து சாகுபடி செய்பவருக்கு 160 ஏக்கர் அளித்துவந்தது. 1909-இல் வறண்ட பூமிகளுக்கு அது 320 ஏக்கராக உயர்த்தப்பட்டது. நல்ல மழை பெய்த சில வருஷங்களில் மாண்டானா மாகாணத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து கோதுமை விதைத்தன. 1917 முதல் மழை பொய்த்தது. யுத்தம் முடிந்தபின் தானிய விலையும் சரிந்தது. குடும்பங்கள் பூமியை விட்டு வெளியேறின. கடன் கொடுத்த பாங்கிகள் பல மூடப்பட்டன. 1920-க்கும் 1930-க்கும் இடையில் அந்நாட்டு மாகாணங்களுள் ஜனத்தொகை குறைந்தது மாண்டானா ஒன்றேயாகும். நல்ல வருஷத்தின் மழையைக் கண்டு நிலம் வாங்கலாகாது என்பதே இதனால் அறியவேண்டுவது. முப்பது வருஷத்துச் சராசரியையும், அவற்றுள் மிகக் குறைந்த மழை பெய்த வருஷத்தின் அளவையும் கேட்டறிய வேண்டும்.

ஒரே மாகாணத்திற்குள்ளும் மழை பெரிதும் வேறுபடும். ஆரெகன் மாகாணத்தில் காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே வில்லமெட் பள்ளத்தாக்கில், நம் சேலத்தின் பெயரையொத்த ஸேலம் நகரில், வருஷத்துக்கு ஏறத்தாழ 40 அங்குலம் பெய்கின்றது. அதே மாகாணத்தில் மலைக்குக் கிழக்கே பர்ன்ஸ் என்னும் ஊரில் 11 அங்குலம் பெய்வதே அரிது. கடற்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுவதால் கீழ்ப்புறம் மழை மறைவாகின்றது. மேலும், மேற்குச் சரிவில் பெய்யும் மழையும் பெரும்பாலும் குளிர்காலத்தது; ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பயிர் நிற்கையில் வானம் வறண்டிருக்கும். ஆகவே 40 அங்குலம் பெய்யும் இடத்திலும் கோடைப் பயிருக்குப் பாசனம் தேவையாகலாம்.

2. நீர்ப் பாத்தியதை

நம்மவர்க்கு வியப்பாகத் தோன்றக்கூடிய செய்தி ஒன்றுண்டு. மேற்கு மாகாணங்களில் பெரும்பாலானவற்றில், நிலத்தினூடே ஆறு ஓடினும் அந்நீரை நிலச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ள முடியாது. எவர் முதலில் நீரைத் திருப்பிப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை என்பது அங்குள்ள விதி. தங்கச் சுரங்கக்காரர்களிடையே தோன்றிய இவ்வழக்கத்தைக் கலிபோர்னியாவின் உயர்ந்த நீதிமன்றம் 1855-இல் ஒப்புக்கொண்டது. கொலராடோவின் நீதிமன்றம் 1882-இல் உறுதி செய்தது. நீர் குறைந்த வருஷத்தில் அனைவரும் சமமாகக் குறைத்துக்கொள்வதில்லை. 1870-இல் ஏற்பட்ட பாத்தியதைக்கு முழு நீரும் கிடைக்கும். 1910-இல் ஏற்பட்டதற்கு ஒரு துளியும் கிடைக்காமற் போகலாம். எனவே பாத்தியதையின் அளவைவிட அதன் தேதியே முக்கியமானது.

இப்பாத்தியதையை நிலத்திலிருந்து பிரித்து விற்பதும் பல இடங்களில் உண்டு. விற்பவர் நீரைத் தனியே நகரத்துக்கு விற்றுவிட்டு வெறும் மண்ணை நம்மிடம் விற்கக்கூடும். பயன்படுத்தாது விட்டாலும் பாத்தியதை அழியும். ஆரெகன், ஐடஹோ, வாஷிங்டன் ஆகிய மாகாணங்களில் தொடர்ந்து ஐந்து வருஷம் பயன்படுத்தாவிடில் பொதுவாக அதனை இழக்க நேரும். வாய்க்கால் கம்பெனியின் பங்குகளாக நீர் வரும் இடங்களில், எத்தனை பங்குகள் நிலத்துடன் வருகின்றன என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

அரசாங்க அணையின் பாசனமும் எக்காலத்தும் உறுதியானதன்று. ஆரெகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் எல்லையிலுள்ள கிளாமத் பாசனப் பகுதியில், இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்குச் சீட்டுக் குலுக்கி நிலம் அளிக்கப்பட்டது. 2001-ஆம் வருஷத்து வறட்சியில், அழியும் நிலையிலிருந்த மீன்களைக் காக்கும் பொருட்டு ஏரி நீர் நிறுத்தி வைக்கப்பட்டமையால், அப்பகுதியின் பெரும்பாகத்திற்குப் பாசன நீர் கிடைக்கவில்லை. மீனை நம்பி வாழ்ந்த ஆதிகுடிகளின் உரிமை குடியானவர்களின் உரிமைக்கு முந்தியது என்பதும் அங்கே தெளிவாயிற்று. இரு திறத்தார் குறையும் மெய்யான குறையே. ஆனால் புதிதாக நிலம் வாங்குவோர் அவ்வழக்கையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது.

3. கிணறும் குடிநீரும்

வீட்டு உபயோகத்திற்குக் கிணறு தோண்டவும் அனுமதி வேண்டும். கொலராடோவில் 35 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையாயின், பொதுவாக மூன்று வீடுகளுக்கும் கால்நடைகளுக்கும் ஒரு ஏக்கர் தோட்டத்திற்கும் போதுமான கிணற்றுக்கு அனுமதி பெறலாம். அதனிற் சிறியதாயின் பெரும்பாலும் வீட்டுக்குள் பயன்படுத்த மட்டுமே இடமுண்டு. கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடிப்பதற்குங்கூட அம்மாகாணத்தில் கட்டுப்பாடு உண்டு. 2016-இல் ஏற்பட்ட சட்டம்தான் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு பீப்பாய்களில் மொத்தம் 110 காலன் சேகரிக்க இடமளித்தது.

கிணறில்லா இடத்தில் லாரியில் நீர் தருவித்துக்கொள்ளலாம் என்று தரகர்கள் சொல்வதுண்டு. அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் நகருக்கு வெளியே ரியோ வெர்டே மலையடிவாரத்தில் பல குடும்பங்கள் அவ்வாறே வாழ்ந்தன. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்பவர், கட்டுப்பாட்டுக்குட்பட்ட அப்பிரதேசத்தில் 100 வருஷத்திற்கு நீர் உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும். ஐந்து மனைகளுக்கு அவ்விதி இல்லை. அந்த வழியிலேயே அங்குப் பல வீடுகள் எழுந்தன. 2023 ஜனவரி 1-ஆம் தேதி முதல் நகரசபை தன் குழாயிலிருந்து லாரிகளுக்கு நீர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நகரசபை பொறுப்பாளியன்று. சில நூறு வீடுகள் தொலைவிலிருந்து அதிக விலைக்கு நீர் வாங்க நேரிட்டது. அவ்வாண்டிலேயே மாகாணச் சட்டசபை தலையிட்டுத் தற்காலிக ஏற்பாடு செய்தது. அழகிய புது வீட்டுக்கும் நீரில்லாவிடில் மதிப்பில்லை என்பதை அக்குடும்பங்கள் அம்மாதங்களில் உணர்ந்தன.

4. மண்ணும் உறைபனியும்

நிலத்தில் இயற்கையாக வளரும் செடியே மண்ணின் தன்மையைப் பெரிதும் காட்டிவிடும். சேஜ் என்னும் நறுமணப் புதர் ஆளுயரம் செழித்து வளர்ந்த இடத்தில் மண் ஆழமாயும் வடிகாலுள்ளதாயும் இருக்கும். கிரீஸ்வுட் என்னும் முட்புதரும் உவர்ப்புல்லும் மண்டிய இடம் பெரும்பாலும் களர் அல்லது உவர் நிலமாகும். அங்கே பாசனம் செய்தால் உப்பு மேலேறிப் பயிரைக் கெடுக்கும்.

அடுத்து, கடல்மட்டத்திலிருந்து உயரம். 1,000 அடி ஏற ஏற உஷ்ணம் சுமார் 3½ டிகிரி குறையும். மேற்குக் கொலராடோவில் 4,700 அடி உயரத்திலுள்ள பாலிசேடு, பீச்சுப் பழத்திற்குப் பேர்பெற்றது. அதே பாகத்தில் 7,700 அடி உயரத்திலுள்ள கன்னிசனில் உறைபனியற்ற காலம் மிகக் குறுகியதாகையால் வைக்கோற்புல்லும் மாடுகளுமே பிழைப்பு. குளிர்ந்த காற்று இரவில் கீழிறங்கிப் பள்ளத்தில் தங்கும்; ஆதலால் பழத்தோட்டத்திற்குப் பள்ளத்தின் அடியைவிடச் சரிவே மேலானது. பாலிசேட்டிலும் மலையிடுக்கிலிருந்து வீசும் காற்றே குளிரைத் தங்கவிடாது காக்கின்றது.

5. பாதை, வேலி, கனிமம், தீ

மேற்கே நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசாங்கத்தினுடையது. நெவாடாவில் அது ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு. ஆகவே தனியார் நிலம் அரசாங்கப் பூமிக்கு நடுவே தீவுபோல் அமைவதுண்டு. அதற்குச் செல்லும் பாதை கண்ணுக்குத் தெரிவது போதாது. அதில் செல்லும் உரிமை பத்திரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பனிக்காலத்தில் அப்பாதையின் பனியை அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் கேட்க வேண்டும்.

பல பிரதேசங்களில் மாடுகள் கட்டுப்பாடின்றி மேயலாம். அங்கே வேலி போடும் கடமை மாட்டுக்காரருடையதன்று, பயிர்க்காரருடையது. 1916-ஆம் வருஷத்து மேய்ச்சல் குடியேற்றச் சட்டப்படி 640 ஏக்கர் வரை கொடுத்த நிலங்களில், பூமிக்கடியிலுள்ள கனிமங்களை அரசாங்கம் தனக்கென வைத்துக்கொண்டது. அத்தகைய நிலத்தை வாங்கியவர் மேல்மண்ணுக்கே உடையவர். கீழே தோண்ட உரிமை பெற்றவர் ஒரு நாள் வந்து நிற்கக்கூடும்.

காட்டோரத்தில் வீடு கட்டுவோர் தீயை மறக்கலாகாது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத் தீயில் 85 பேர் மாண்டனர். ஊரைவிட்டு வெளியேறும் சாலைகள் மிகச் சிலவாகையால் வண்டிகள் நெரிசலில் நின்றன. எனவே வெளியேற இரண்டு வழிகள் உண்டா என்று பார்ப்பது உயிரைக் காக்கும் விசாரணையாகும்.

6. விசாரிக்கும் முறை

மேற்கூறியவற்றை அறிய அந்நாட்டில் வசதிகள் உள்ளன. 1914-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட விவசாய விஸ்தரிப்பு ஊழியர்கள், கவுண்டி எனப்படும் ஜில்லாக்கள்தோறும் ஆலோசனை கூறுகின்றனர். விவசாய இலாகாவின் மண் படங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். மேற்கு மாகாணங்களில் அண்டையிலுள்ள கிணறுகளின் ஆழத்தையும் ஊற்றையும் அரசாங்கப் பதிவேட்டில் காணலாம். கொலராடோவின் லாரிமர் முதலிய கவுண்டிகள், புதிதாக வருவோருக்கு நாட்டுப்புற வாழ்வின் இடர்களை ஒளியாமல் கூறும் சிறு பிரசுரங்களையும் வெளியிட்டுள்ளன.

விசாரணையின் வரிசை பின்வருமாறு இருத்தல் நலம்:

(1) நீண்டகால மழைக்கணக்கும் உறைபனிக் காலமும்.
(2) நீர்ப் பாத்தியதையின் தேதி, அளவு, இறுதியாகப் பயன்படுத்திய வருஷம்.
(3) கிணற்று அனுமதி, நீரின் உப்புச் சோதனை.
(4) மண் சோதனை.
(5) பாதை உரிமை, கனிம உரிமை, வில்லங்கம்.
(6) மருத்துவசாலை, பள்ளிக்கூடம், சந்தை ஆகியவற்றின் தூரம்.
(7) இவற்றிற்குப் பின்னரே விலை.

இவையன்றி, கோடையின் கடைசியில் ஒருமுறையும் கடுங்குளிரில் ஒருமுறையும் அவ்விடத்தை நேரில் காண வேண்டும். முடியுமாயின் ஒரு வருஷம் அவ்வூரில் வாடகைக்குக் குடியிருந்து பார்த்தல் மிக்க நலம். சிறு பண்ணையின் வருமானம் மட்டும் குடும்பத்தைத் தாங்குவது அங்கே அரிது. வெளி வருவாய் என்ன என்பதையும் முன்னரே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. பரம்பரை நிலத்தை விற்று வேறு பிரதேசத்தில் மலிவாக நிறைய ஏக்கர் வாங்கலாம் என்று எண்ணும் நம் விவசாயிகள், மலிவுக்குக் காரணம் என்ன என்பதை முதலில் கேட்டறிவாராக. கிராம அதிகாரிகளும், தம்மிடம் விசாரிக்க வரும் வெளியூராருக்குச் சர்வே எண்ணையும் பரப்பையும் சொல்வதோடு நில்லாமல், அந்நிலத்தின் கிணறு எந்த மாதத்தில் வற்றும், பாதை யாருடைய பட்டாவில் செல்கின்றது என்பவற்றையும் எடுத்துச் சொல்வாராயின், ஒரு குடும்பத்தின் முதலைக் காத்த புண்ணியம் அவர்களைச் சாரும்.