வீட்டிலே இஞ்சி பீர்: அளவறிந்து செய்க

பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் யாவும் முதல் மார்கழியிலேயே ஒரு பாடம் கற்றுவிடுகின்றன. சென்னையிலும் மதுரையிலும் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடியுமுன் பாத்திரம் வழியப் பொங்கும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரின் குளிரிலோ அது காலையிலும் அசையாது கிடக்கும். மாவைக் கம்பளியால் போர்த்தியும் அடுப்படியில் வைத்தும் பொங்கச் செய்யும் நம் இல்லத்தரசிகளுக்கு, புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வெப்பத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டவை என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவை உணவின் அளவுக்கும் கட்டுப்பட்டவை என்பதை நாம் அறிந்துகொண்ட விதமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

சென்ற கோடையில் ஒருநாள், இவ்வூரிலேயே பணி புரியும் நம் இல்லாளின் தம்பி, பார்லி மால்ட் ஒரு பையும் ஈஸ்ட் ஒரு பொட்டலமும் ஏந்தி நம் இரயில்வே குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். “அத்தான், கடையில் ஏன் காசைக் கொடுக்கவேண்டும்? பீரை வீட்டிலேயே காய்ச்சிவிடலாம்” என்றார்.

அவருடைய ஆசை இவ்வூருக்குப் புதிதன்று. 1809 முதல் இங்கே அமைந்த தண்டில் குடியேறிய வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பீர் தேவைப்பட்டது. அத்தண்டை நாடி வந்தவர்களுள் நம் தமிழ் மக்கள் பலர். தென்னிந்தியாவில் சிதறிக்கிடந்த பீர் ஆலைகள் சிலவற்றை ஒன்றாக்கி, தாமஸ் லீஷ்மன் என்பார் 1915இல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, விடுதியிலேயே பீர் காய்ச்சி விற்கும் கடைகளும் உரிமம் பெற்று இந்நகரில் பெருகிவிட்டன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செம்பு நிறக் கொப்பரைகளைக் காணும் இளைஞருக்கு, ‘இதை நாம் செய்தால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பே.

பீர் காய்ச்சும் முறையும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பார்லியை முளைகட்டி உலர்த்தி நொறுக்குவர், அதுவே மால்ட். அதை ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், முளையிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்து இனிப்பதும் இதே காரணத்தால்தான். பின்னர் அந்நீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இடுவர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும்.

முறை எளிதே. ஆயினும், 1965ஆம் ஆண்டின் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டப்படி உரிமம் இன்றி மதுபானம் தயாரித்தல் குற்றமாகும். விற்பனைக்கன்று, வீட்டுக்கே என்பதால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது. அரசுக் குடியிருப்பில் வாழ்ந்து மாதச் சம்பளம் வாங்கும் நாம் இதில் இறங்குவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும். இதை எடுத்துரைத்தோம், மைத்துனரும் ஒப்புக்கொண்டார். மால்ட் நம் மகளின் காலைக் கஞ்சிக்குப் பயன்பட்டது. பீருக்குப் பதிலாக இஞ்சி பீர் செய்வோம் என்று முடிவாயிற்று.

இஞ்சி பீர் என்பது பெயரளவில்தான் பீர். இலங்கையில் நம்மவர் விருந்துகளில் அதைச் சுவைத்திருப்போர் இவ்வூரிலும் உளர். இதனை ஆராய்ந்தவர் வரலாறும் நம்மோடு தொடர்புடையது. ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1880இல் இலங்கைக்கு வந்து, காப்பிச் செடியின் இலைத்துரு நோயை ஆராய்ந்தார். அந்நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலைத் தோட்டங்கள் எழுந்ததையும், அத்தோட்டங்களில் நம் மக்கள் உழைத்ததையும் யாவரும் அறிவர். அவ்வார்டே தம் நாடு திரும்பியபின், இஞ்சி பீரைப் புளிக்கச் செய்யும் கட்டியை ஆராய்ந்து, அஃது ஈஸ்ட் ஒன்றும் பாக்டீரியம் ஒன்றும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் என்று 1892இல் வெளியிட்டார்.

நிற்க. எங்கோ எழுதி வைத்திருந்த குறிப்பொன்றைப் பார்த்து, 2 லிட்டர் நீருக்கு 150 கிராம் சர்க்கரை இட்டோம். கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, இறுக மூடி, கூடத்து அலமாரியில் வைத்தோம். நான்காம் நாள் நள்ளிரவில் வெடியோசை கேட்டு எழுந்தோம். இரண்டு புட்டிகள் சிதறியிருந்தன. அலமாரியின் எதிரே, நாள்தோறும் நம் மகள் படுத்துறங்கும் இடத்துக்கு ஒரு முழ உயரத்தில், விரல் நீளக் கண்ணாடித் துண்டு சுவர்ப் பூச்சில் பாய்ந்து நின்றது. அன்றிரவு அவள் கதை கேட்கும் ஆவலில் பாட்டியோடு உள்ளறையில் உறங்கிவிட்டாள். அத்துண்டைச் சுவரிலிருந்து பிடுங்கியபோது நம் கை நடுங்கியதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் கணக்கிட்டுப் பார்த்தோம். 4 கிராம் சர்க்கரை முற்றிலும் புளித்தால் ஏறக்குறைய 1 லிட்டர் கரியமில வாயு உண்டாகும். நாம் இட்டதோ லிட்டருக்கு 75 கிராம். அவ்வளவும் புளித்தால், ஒரு லிட்டர்ப் புட்டிக்குள் ஏறக்குறைய 20 லிட்டர் வாயு அடைபட வேண்டும். கடையில் விற்கும் பீரிலேயே அதன் கன அளவைப்போல் இரண்டரை மடங்கு வாயுதான் உண்டு. மேலும், 75 கிராமும் புளித்து முடிந்தால் சாராயச் சத்து 5 விழுக்காட்டை நெருங்கும். அஃது அசல் பீரின் வலிமையே! சட்டத்துக்கு அஞ்சிப் பீரை விலக்கிய நாம், அறியாமையால் அதையே செய்துகொண்டிருந்தோம்.

ஆகவே, நுண்ணுயிருக்கு இடும் சர்க்கரையை அளந்து இடுதல் வேண்டும். நாவுக்கு வேண்டிய இனிப்பைப் பருகும்போது சேர்த்தல் வேண்டும். வாயுவும் சாராயச் சத்தும் அளவில் நிற்க இதுவே வழி. இப்போது நம் வீட்டில் கடைப்பிடிக்கும் முறை வருமாறு:

முதலில் உறை தயாரித்தல். காவிரிக் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கின்றனர். அது நமக்கு வேண்டிய நுண்ணுயிரையும் கொல்லும். ஆதலின் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றுக. இரண்டு தம்ளர் நீரில், நன்கு கழுவித் தோலோடு துருவிய இஞ்சி இரண்டு தேக்கரண்டியும் சர்க்கரை இரண்டு தேக்கரண்டியும் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுக. தோலை நீக்கலாகாது; இயற்கையான ஈஸ்ட் அதில்தான் உறைகிறது. நாள்தோறும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்குக. கோடையில் நான்கைந்து நாளிலும், மார்கழியில் ஒரு வாரத்துக்கு மேலும் சென்று நுரை எழும். பூசணம் படர்ந்தாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ தயங்காது கொட்டிவிடுக.

அடுத்துப் பானம். 60 கிராம் இஞ்சியை நசுக்கி 2 லிட்டர் நீரில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுக. அதில் 10 கிராம் சர்க்கரை, அதாவது மட்டமாக இரண்டரைத் தேக்கரண்டி மட்டும் கரைக்க. கை பொறுக்கும் அளவுக்குக் கீழே நன்கு ஆறியபின், ஓர் எலுமிச்சம்பழச் சாறும், வடித்த உறையில் 50 மில்லியும் சேர்க்க. சூட்டோடு உறையை ஊற்றினால் ஈஸ்ட் மாண்டுபோகும்.

இதனைச் சோடா விற்கும் பிளாஸ்டிக் புட்டிகளில், மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடுக. கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டா. பிளாஸ்டிக் புட்டியை விரலால் அழுத்திப் பார்க்கலாம். அமுங்காது கல்லென நின்றால் வாயு நிரம்பிற்று என்று பொருள். இரண்டு நாளில் அந்நிலை வரும். வராவிடினும் மூன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, ஒரு வாரத்துக்குள் பருகுக. மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்க. தம்ளரில் ஊற்றியபின் சர்க்கரைப் பாகோ கருப்பட்டிப் பாகோ வேண்டிய அளவு கலந்துகொள்க. கோலி சோடாவின் வேகம் இராது. ஆனால் தொண்டையில் இதமாகச் சுருக்கென்று இறங்கும்.

இவ்வளவு செய்தும், சாராயச் சத்து அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை, சிறிதளவு இருக்கும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்டதை மதுபானமாகக் கொள்கின்றன. மேற்சொன்ன அளவு அவ்வெல்லைக்குள் நிற்பதற்காகவே வகுத்தது. அதனைக் கூட்ட வேண்டா. குழந்தைகளுக்கும், கருவுற்ற மாதர்க்கும், மதுவைத் துறந்து மீண்டவர்க்கும் இதைத் தரலாகாது. அவர்களுக்கு இஞ்சிச் சாற்றையும் எலுமிச்சையையும் பாகில் கலந்து, கடைச் சோடாவை ஊற்றிக் கொடுத்தால் சுவைக்குக் குறைவில்லை. நம் மகளுக்கு அதுவே கொடுக்கிறோம்.

வீட்டுப் பானம் விஷமாகுமோ என்று முதியோர் சிலர் அஞ்சுவர். 2008இல் கர்நாடக, தமிழக எல்லைப் பகுதிகளிலும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த சாவுகளை எவர் மறப்பர்? அங்கே உயிர் குடித்தது மெத்தில் ஆல்கஹால் என்னும் தொழிற்சாலை இரசாயனம், காசாசையால் கலக்கப்பட்டது. இஞ்சியும் சர்க்கரையும் புளிப்பதால் அத்தகைய நஞ்சு உண்டாவதில்லை. ஆயினும் புளித்த எதையும் வாலையில் இட்டு வடிக்கும் எண்ணம் எவருக்கும் கனவிலும் வேண்டா.

மைத்துனர் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். சர்க்கரையைத் தராசில் நிறுத்துவது அவர் பொறுப்பு. சுவரிலிருந்த வடுவை நாம் இன்னும் பூசவில்லை. அன்பர்கள் தத்தம் வீட்டில் கண்ணாடிப் புட்டியில் இத்தகைய பானம் எதையேனும் அடைத்து வைத்திருப்பின், வாசித்து முடித்ததும், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கனத்த துணியைப் போர்த்தி அதன் மூடியை மெல்லத் தளர்த்திவிடுமாறு அன்போடு வேண்டுகிறோம்.