மெத்தையை நம்பி மெத்தனமா?

மாங்காய் சீசனில் பங்காருபாளையத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் சிறுவர்கள் மரம் ஏறினால், கீழே நிற்கும் பெரியவர்கள் தெலுங்கில் "கட்டிகா பட்டுகோ" என்றோ தமிழில் "கெட்டியாப் பிடி" என்றோ குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கண் கிளையை விட்டு நகராது. விழுந்தால் மண் தரை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சித்தூர் மாவட்டத்து இந்த ஊர் வழியாகச் செல்லும் சாலை பலமநேர், முல்பாகல் தாண்டி பெங்களூரைச் சேர்கிறது. ஏறும் ஆசை அங்கே கட்டணம் கட்டி, கூரைக்குக் கீழே ஆடும் விளையாட்டாகிவிட்டது. பெயர் போல்டரிங். சுமார் 4 மீட்டர் உயரப் பலகைச் சுவரில் பல வண்ணப் பிடிகளைத் திருகியிருப்பார்கள். ஒரு வண்ணம் ஒரு பாதை. கயிறு கிடையாது. கீழே தடிமனான மெத்தை மட்டும்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவரேற்றம் முதன்முதலாக இடம்பெற்றது. 2024இல் பாரிஸிலும் தொடர்ந்தது. லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று விழிக்கும் நகரத்துப் பெற்றோருக்கு நல்ல விடைதான்.

சிக்கல் அந்த மெத்தையிலேயே தொடங்குகிறது. அதைப் பார்த்ததும் பெற்றோர் நிம்மதியாக செல்போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் போல்டரிங்கில் விழுவது எப்போதாவது நேரும் விபத்தல்ல. ஏறியவர் இறங்கி வர வேண்டும், இல்லையேல் விழ வேண்டும். எப்போது விழுவோம் என்பது அவருக்கே தெரியாது. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் கீழே வரும்போது வேகம் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் விழும் இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மெத்தை விழுந்தவரைக் காப்பாற்றலாம். அடியில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றாது.

அதனால் சுவரில் தொற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, முறைக்குக் காத்திருக்கும் பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. முறை வராதவர்கள் மெத்தைக்கு வெளியே உட்கார வேண்டும். குறுக்கே ஓடவே கூடாது. முன்பக்கம் சாய்ந்த சுவர்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதில் ஏறுபவர் சுவரின் அடியில் விழமாட்டார், சற்றுத் தள்ளி, நாம் பத்திரம் என்று நினைத்து நிற்கும் இடத்தில் வந்து விழுவார். மூன்று பிள்ளைகளோடு வரும் ஒற்றை அப்பா ஒருவரை ஏறவிட்டு, மற்ற இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நடக்கக்கூடிய காரியம்.

போட்டோ ஆசை இன்னொரு தொல்லை. குழந்தையைத் தூக்கி உயரமான பிடியில் தொங்கவிட்டுப் படமெடுக்கிறார்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கத் தெரியும். அப்பா ஏற்றிவைத்த உயரத்திலிருந்து தெரியாது. விழும் குழந்தையைத் தாவிப் பிடிக்க முயல்வதும் வேண்டாம், அடி இருவருக்கும் படும்.

முதல் பாடம் விழுவதற்குத்தான். தாழ்வான உயரத்திலிருந்து பழக்கலாம்: இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், பிறகு முதுகுப் பக்கம் உருள வேண்டும். கைகள் மார்போடு இருக்கட்டும். பின்னால் கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியும்.

ஏறும் முன் மோதிரம், வளையல், சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிடியில் மாட்டிய மோதிரம் விரலின் சதையையே உரித்துவிடக்கூடும். நீளப் பின்னலைக் கொண்டையாகச் சுருட்டிவிடலாம். பாக்கெட்டில் சாவி, சில்லறை வேண்டாம்.

வளரும் வயதுப் பிள்ளைகளிடம் வேறொரு ஆபத்து உண்டு. விரல் எலும்பின் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்படாத பருவம் அது. நுனிவிரலில் தொங்கி ஓயாமல் பயிற்சி செய்தால் அங்கே கீறல் விழலாம். விரலின் நடு மூட்டில் வலி என்றால் பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். இங்கே அது கூடாது.

சொந்தப் பொறுப்பில் ஏறுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கூடங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் சிலவற்றைக் கேட்பது நல்லது. குழந்தைகளுக்குத் தனிச் சுவர் இருக்கிறதா? கூட்ட நேரத்தில் மெத்தையை யார் கண்காணிக்கிறார்கள்? ஞாயிறு மாலையைவிட வார நாள் காலையில் கூட்டம் குறைவா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், பள்ளி லீவில் அந்த நேரத்துக்கே போகலாம்.