விளையாட்டும் வினையும்

'விளையாட்டு வினையாகும்' என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகள் அளவுமீறி ஆடும்போதெல்லாம் பெரியோர் இதனைக் கூறி எச்சரிப்பர். இங்கு வினை என்பது தீங்கு என்னும் பொருளில் வருகிறது. ஆயினும், வினை என்னும் சொல்லுக்குச் செயல் என்றும், தொழில் என்றும் பொருள் உண்டு. தொழிலில் வல்லவரை வினைஞர் என்று சான்றோர் அழைத்தனர். இந்த இரண்டாம் பொருளிலும் அப்பழமொழி உண்மையாகும் இடம் ஒன்று உண்டு. சிறுவர்கள் 'வீடியோ கேம்' என்று அழைக்கும் கணினி விளையாட்டில் பிறந்த ஆர்வம், திரைப்படத்தில் இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும் ஒரு தொழிலுக்குத் துணையாக வளர்ந்திருக்கிறது. அத்தொழிலைக் காட்சி விளைவு என்று இந்நாளிலும், தந்திரக் காட்சி என்று முந்நாளிலும் வழங்கினர். விளையாட்டு இவ்வாறு வினையாக மாறிய வரலாறு அறியத்தக்கது.

பேருந்துச் சாளரம்

தேனியிலிருந்து கம்பத்திற்குச் செல்லும் பேருந்தில், சாளரத்தின் ஓரமாக ஒரு சிறுவன் அமர்ந்திருப்பதாகக் கொள்க. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து நீங்குகின்றன. சாலையோரத்து மரங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கி ஓடி மறைகின்றன. அவற்றிற்கு அப்பால் உள்ள திராட்சைப் பந்தல்கள் சற்று மெதுவாக நகர்கின்றன. தொலைவில் உள்ள தென்னந்தோப்புகள் அவற்றினும் மெதுவாகச் செல்கின்றன. மேற்கே வானளாவி நிற்கும் மலைத்தொடரோ பின்செல்லாமல், பேருந்தோடு உடன்வருவதுபோல் தோன்றுகிறது.

இது கண்ணின் மயக்கமன்று. நகரும் ஒருவனுக்கு அண்மையில் உள்ளவை விரைந்தும், சேய்மையில் உள்ளவை மெல்லவும் இடம் மாறித் தோன்றுவது இயற்கை. இவ்வேற்றுமையைக் கொண்டு நாம் தொலைவை உணர்கிறோம். அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1937ஆம் ஆண்டில் 'பழைய ஆலை' என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறு படத்தில் இவ்வுண்மையைப் பயன்படுத்தினர். மரம், வீடு, வானம் ஆகியவற்றை வெவ்வேறு அடுக்குகளில் தீட்டி, அவ்வடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படம் பிடித்தனர். தட்டையான ஓவியத்திற்கு ஆழம் உண்டாயிற்று. 1982இல் சப்பானில் உருவான 'மூன் பேட்ரோல்' என்னும் கணினி விளையாட்டும் இம்முறையையே கைக்கொண்டது. நிலவின்மேல் வண்டி ஓடும்போது, அருகிலுள்ள குன்றுகள் விரைவாகவும், பின்னுள்ள மலைகள் மெதுவாகவும் நகர்ந்தன.

பேருந்தில் அமர்ந்த சிறுவன் உள்ளத்தில், "நேற்று ஆடிய விளையாட்டிலும் மலை இப்படித்தானே நகர்ந்தது! அதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்ற வினா எழுமாயின், அவன் ஆடுவோன் என்னும் நிலையைக் கடந்து, ஆக்குவோன் என்னும் நிலைக்கு முதலடி எடுத்து வைத்தவன் ஆவான்.

பழைய தந்திரக் காட்சிகள்

கணினி தோன்றுவதற்கு முன்பே தந்திரக் காட்சிகள் திரையில் இடம்பெற்றன. 1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' என்னும் தமிழ்ப் படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். ஒருவரே இருவராக ஒரே சட்டத்தில் தோன்றுவதற்கு அக்காலத்தார் ஓர் எளிய முறையைக் கையாண்டனர். காமிராவை அசையாமல் நிறுத்தி, வில்லையின் ஒரு பாதியை மறைத்து, நடிகரை மறு பாதியில் நிற்கச் செய்து படமெடுப்பர். பின்னர்ப் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைத்து, வேறு உடையில் அவரையே நடிக்கச் செய்வர். இரண்டு பாதிகளும் ஒரே படமாக இணையும். காமிரா ஒரு நூலிழை அசைந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1957இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் கடோற்கசன் விருந்துண்ணும் காட்சியை இன்றும் மக்கள் வியந்து காண்கின்றனர். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி, ஒளியை அளந்து அமைத்து நிலவொளியையே படைத்துக் காட்டினார். பொறிகள் எளியனவாக இருந்த காலத்தில், பொறுமையும் கூர்ந்த நோக்குமே இக்கலைஞருக்குக் கருவிகளாக அமைந்தன.

வெடித்த கப்பலும் வீழும் அருவியும்

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், ஸ்டீவ் ரசலும் அவர் தோழரும் 'ஸ்பேஸ்வார்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்கினர். இரண்டு விண்கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. விளையாட்டுத்தானே என்று அவர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. நடுவிலுள்ள விண்மீன் கப்பல்களைத் தன்பால் ஈர்க்குமாறு ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டனர். பின்னணியில் உள்ள வானத்தையும் உண்மையான விண்மீன்களின் நிலைகளைக் கொண்டே அமைத்தனர். அடிபட்ட கப்பல் ஒளிப்புள்ளிகளாகச் சிதறி மறைந்தது.

இருபது ஆண்டுகள் சென்றன. லூகாஸ் பிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ் என்பார், 1982இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' இரண்டாம் படத்திற்காக ஒரு கோளின்மீது நெருப்பு பரவும் காட்சியை உருவாக்க வேண்டியிருந்தது. வீட்டிற்கும் வண்டிக்கும் திட்டமான வடிவம் உண்டு, கோடிட்டு வரையலாம். நெருப்புக்கும் புகைக்கும் வடிவம் ஏது? ரீவ்ஸ் நெருப்பை எண்ணிறந்த துகள்களின் கூட்டமாகக் கருதினார். 1983இல் இம்முறையை விளக்கி அவர் எழுதிய கட்டுரையில், பழைய கணினி விளையாட்டுகளில் விண்கப்பல்கள் ஒளிப்புள்ளிகளாக வெடித்ததை முன்னோடியாகக் குறிப்பிட்டார். விளையாட்டில் தோன்றிய ஓர் எண்ணம் வினைக்குத் துணையாயிற்று.

துகள் முறையின் உட்பொருளைக் கம்பத்திற்கு அண்மையில் உள்ள சுருளி அருவியின்முன் நின்றால் எளிதில் உணரலாம். அருவி ஒரு வெள்ளைத் திரைபோல் தோன்றினும், அது கோடிக்கணக்கான துளிகளின் தொகுதியே. ஒவ்வொரு துளியும் மேலே ஓரிடத்தில் புறப்படுகிறது. ஒரு வேகத்தோடு வீழ்கிறது. பாறையில் மோதித் திசை மாறுகிறது. இறுதியில் நீர்த்தூவியாகிக் கரைகிறது. பிறப்பு, வேகம், வாழ்நாள், மறைவு என்னும் நான்கையும் ஒவ்வொரு துகளுக்கும் கணக்கிட்டுக் கொடுத்தால், கணினி அருவியைப் பொழியும். நெருப்பையும் புழுதியையும் எழுப்பும்.

வீட்டில் தொடங்கிய முயற்சி

டிம் சுவீனி என்னும் அமெரிக்கச் சிறுவன், தன் பதினொன்றாம் வயதில் தமையனைக் காணச் சென்றபோது, அங்கிருந்த கணினியில் நிரல் எழுதக் கற்றான். விளையாட்டுகளை ஆடி மகிழ்ந்ததோடு நில்லாமல், அவை எவ்வாறு இயங்குகின்றன என ஆராய்ந்து, தானும் சிலவற்றை இயற்றினான். பிற்காலத்தில் சுவீனி தம் தேவைக்காக எழுத்துகளைத் திருத்தும் நிரல் ஒன்றை எழுதினார். எழுத்துகளிடையே நகரும் குறியைக் கண்டபோது, அதனையே ஒரு வீரனாக்கி ஓடவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறு பிறந்த விளையாட்டை 1991இல் பெற்றோர் இல்லத்திலிருந்தே வெளியிட்டார். ஆடுவோர் தாமே புதிய களங்களை அமைத்துக்கொள்வதற்குரிய கருவியையும் அதனுடன் சேர்த்து வழங்கினார். அம்முயற்சியே பின்னர் எபிக் கேம்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1998இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'அன்ரியல்' விளையாட்டின் அடிப்படை நிரலுக்கு அன்ரியல் எஞ்சின் என்பது பெயர்.

திரைப்படத்தின் ஒரு படத்தைக் கணினி தீட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆயினும் தீங்கில்லை. விளையாட்டோ அவ்வாறு காத்திராது. ஆடுவோன் திரும்பும் திசைக்கேற்ப, நொடிக்கு முப்பது அல்லது அறுபது படங்களைக் கணினி உடனுக்குடன் தீட்டுதல் வேண்டும். இவ்விரைவு திரைப்படத்தாருக்குப் பயன்பட்டது. 2019இல் வெளியான 'தி மாண்டலோரியன்' தொடருக்காக, ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள ஒளித்திரைகளை 75 அடி குறுக்களவில் வளைத்து நிறுத்தினர். அத்திரைகளில் அன்ரியல் எஞ்சின் பாலைவனத்தையும் மலையையும் காட்ட, நடிகர்கள் அவற்றின்முன் நின்று நடித்தனர். காமிரா ஓரடி நகர்ந்தால், அதற்கேற்ப அருகிலுள்ள பாறை மிகுதியாகவும், தொலைவிலுள்ள மலை சிறிதாகவும் காமிராவின் பார்வையில் இடம் மாறித் தோன்றின. கம்பம் பேருந்தின் சாளரத்தில் கண்ட அதே விதியன்றோ இது!

தமிழ்த் திரையில்

தேனி அல்லிநகரத்தில் பிறந்த இயக்குநர் பாரதிராஜா, 1977இல் '16 வயதினிலே' படத்தின் வாயிலாகக் காமிராவைப் படப்பிடிப்பு நிலையத்திலிருந்து கிராமத்திற்குக் கொண்டுசென்றார். காட்சி விளைவுக் கலைஞரோ, மலையையும் ஆற்றையும் அறைக்குள் கொண்டுவருகின்றனர். 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் பாடல் ஒன்றில், ஆடுவோரின் தலையும் கைகளும் மறைய, உடைகள் மட்டும் ஆடின. அப்படத்தின் காட்சி விளைவுகளுக்காக எஸ். டி. வெங்கி தேசிய விருது பெற்றார். 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்திற்காக வி. சீனிவாஸ் மோகன் அவ்விருதைப் பெற்றார்.

இத்தொழிலின் உழைப்பு பெரிது. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. ஒரு நிமிடத்திற்கு 1440 படங்கள் ஆகின்றன. காற்றில் பறக்கும் கூந்தலின் ஓரத்தை ஒவ்வொரு படத்திலும் பிரித்தெடுக்க நேரும்போது, ஒரு நிமிடக் காட்சி பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே அதன் சிறப்பு. படம் முடிந்து மக்கள் எழுந்து செல்லும்போது, இக்கலைஞர்களின் பெயர்கள் திரையில் விரைந்து ஓடி மறைகின்றன.

ஆடுவோரும் ஆக்குவோரும்

விளையாட்டை ஆடுவோர் அனைவரும் இத்தொழிலை அடைவதில்லை. பல விளையாட்டுகள், ஆடுவோன் எழுந்து செல்லாதவாறு அவனைக் கட்டிவைப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. வெற்றி ஒன்றைக் காட்டி, அடுத்த வெற்றிக்கு அழைத்து, இரவுப் பொழுதையும் கவர்ந்துகொள்வன. அங்கே சிறுவன் விளையாட்டை ஆடவில்லை. விளையாட்டே சிறுவனை ஆட்டுவிக்கிறது. உறக்கமும் படிப்பும் கெடும்போது, பெரியோர் கூறும் பழமொழி அதன் முதற்பொருளிலேயே பலித்துவிடுகிறது.

"இது எவ்வாறு நிகழ்கிறது?" என்னும் வினாவே இருவகையினரையும் பிரிக்கும் கோடு. அவ்வினா எழுந்தவன் கணக்கை வெறுப்பதில்லை. துளி வீழும் பாதையைக் கணக்கே காட்டுகிறது. இயற்பியலை விலக்குவதில்லை, ஒளியும் நிழலும் அதன் ஆட்சியில் உள்ளன. ஓவியம் பழகுகிறான், எல்லாவற்றிற்கும் மேலாக, கண்ணைத் திறந்து உலகைப் பார்க்கிறான்.

மழை ஓய்ந்தபின் மேகமலை என்ன நிறம் கொள்ளும்? முல்லையாற்றின் நீர் மதகைக் கடக்கும்போது எங்கே நுரைக்கும்? மாலை வெயில் திராட்சை இலையின் பின்புறத்திலிருந்து வரும்போது இலை எவ்வாறு ஒளிரும்? இவற்றிற்கு விடை கம்பம் பள்ளத்தாக்கில் நாள்தோறும் கண்முன் விரிந்து கிடக்கிறது. அவற்றைக் கூர்ந்து கண்ட சிறுவன் பின்னாளில் எந்நகரத்தில் கணினியின்முன் அமர்ந்தாலும், அவன் படைக்கும் மலையில் உயிர் இருக்கும். அவனுக்கு விளையாட்டு வினையாகும். அவ்வினை அவனுக்கு வாழ்வாகும்.